சூரியனை முறைக்கிற போட்டி

மருதமரத்துக் குளத்துல மினுக்கின்னு ஒரு மீன் இருந்தா. விரல் நீளம்கூட இருக்க மாட்டா. உடம்பு முழுக்க நீலக் கோடு, வெள்ளிக் கோடு, மறுபடியும் நீலக் கோடு, வெள்ளிக் கோடு. ஆனா அவளுக்கு அங்க இருந்த மவுசு காட்டுக்குள்ள யானைக்குக்கூட இருந்திருக்காது. ஏன்னா சூரியனை முறைக்கிற போட்டில மூணு கோடையா அவதான் ஜெயிக்கிறா!

போட்டி ரொம்ப சிம்பிள். கத்திரி வெயில்ல ஒரு நாள், சரியா உச்சி நேரம். கலந்துக்கிறவங்க எல்லாரும் கரை ஓரமா வந்துடணும். மீனுங்க தண்ணிக்கு மேல தலைய நீட்டிக்கணும். தவளை பெருவாயன் அண்ணன் தொண்டைய உப்பிட்டு ஒரே ஒரு சத்தம் குடுப்பாரு. உடனே சூரியனைப் பாக்க ஆரம்பிக்கணும். கடைசி வரைக்கும் யாரு முகத்தைத் திருப்பாம இருக்காங்களோ, அவங்களுக்கு மருதமரத்து உச்சியில இருக்கிற பொந்து. ஒரு வருஷத்துக்கு அது அவங்க சொத்து.

ஆக, மூணு வருஷமா அந்த மரப்பொந்து ஒரு மீனோட சொத்து.

மீனுக்கு எதுக்கு மரப்பொந்து? குளத்துல எல்லாரும் இதைக் கேட்டுப் பாத்தாச்சு. "எனக்குன்னு மேல ஒரு இடம் இருக்குன்னு இருக்கட்டுமே"ன்னு சொல்லிடுவா மினுக்கி. தினமும் காலைல தண்ணிக்கு மேல வந்து ஒரு தடவை அண்ணாந்து பாப்பா. பொந்து அங்கேயேதான் இருக்கும். எங்க போகப் போகுது? அவளும் திருப்தியா உள்ள போயிடுவா.

அந்தப் பொந்து யாருக்காவது நிஜமாவே வேணும்னா அது அணில் துள்ளாயிக்குத்தான்.

துள்ளாயி பக்கத்துப் புளியமரத்துக் கிளை இடுக்குல நாரும் பஞ்சும் வச்சுக் கூடு கட்டியிருந்தா. போன தடவை அங்கதான் மூணு குட்டி போட்டா. ஒரு நாள் பழம் பறிக்கப் போயிட்டுத் திரும்பி வந்தா, கூட்டுல சாரைப்பாம்பு சுருண்டு படுத்திருக்கு. குட்டிங்க இல்ல. இப்ப மறுபடியும் வயித்துல குட்டி இருந்துச்சு. இன்னும் ரெண்டே வாரம். மருதமரத்துப் பட்டையோ வழவழன்னு இருக்கும், சாரை பாதி தூரம் ஏறினாலே சறுக்கிக்கிட்டுக் கீழ வந்துரும். துள்ளாயிக்கு அந்தக் கவலை இல்ல, பக்கத்து மரக் கிளையில இருந்து ஒரே தாவு.

அதனால துள்ளாயி கரைக்கு வந்து, மினுக்கியைக் கூப்பிட்டு, பொந்தைக் கொஞ்ச நாளைக்குக் குடுன்னு கேட்டா. சும்மா கேக்கல. எறும்பு, புழு எல்லாம் தினமும் கொண்டு வந்து தர்றேன்னுகூடச் சொன்னா.

மினுக்கி வாலை ஒரு ஆட்டு ஆட்டினா. "சும்மா குடுத்தா நான் மூணு தடவை குருடா கெடந்ததுக்கு என்ன மரியாதை? ஜெயிச்சு எடுத்துக்கோடி."

குருடா கெடந்தது உண்மைதான். ஒவ்வொரு தடவையும் போட்டி முடிஞ்ச உடனே மினுக்கிக்குக் கண்ணு சுத்தமா போயிடும். தாமரைத் தண்டுல போய் முட்டுவா. பாறைய வேற யாரோன்னு நெனச்சு "மன்னிச்சுக்கோங்க அண்ணே"ன்னு சொல்லிட்டுப் போவா. விரால் மீனோட வாலைப் பாசின்னு நெனச்சு ஒரு தடவை கடிச்சே வச்சுட்டா. இப்படியே ஒரு மாசம் போகும். அப்புறம் பாத்தா, பழையபடி பளிச்சுன்னு பார்வை வந்திருக்கும்!

குளத்துல இதைப் பாத்து யாருமே ஆச்சரியப்பட மாட்டாங்க. கண்ணுன்னா போகும், வரும். இலை உதிர்ந்து துளிர்க்கிற மாதிரி. அவங்க எல்லாரும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தாங்க.

துள்ளாயி விவரமானவ. எடுத்த உடனே நம்பிடல, நாலு பேரை விசாரிச்சா. பெருவாயன் அண்ணன் தன்னோட கதையச் சொன்னாரு. ஒரு கொக்கு அவரு தலையில கொத்துனதுல, கண்ணுல இருந்து மூளைக்குப் போற நரம்பு அறுந்து போச்சாம். கொஞ்ச நாள் கழிச்சு அந்த நரம்பு தானா வளந்து, வழி தேடிப் போய், பழைய இடத்துலயே ஒட்டிக்கிச்சாம். "இப்ப பாரு, கொசு எந்தப் பக்கம் பறந்தாலும் புடிச்சுடுவேன்"னு சொல்லி ஒரு கொசுவைப் புடிச்சும் காமிச்சாரு.

மார்கழில வந்துட்டுப் போன வாலாட்டிக் குருவி இன்னொரு கதை சொல்லிட்டுப் போயிருந்துச்சு. வடக்க குளிர்மலைச் சுனையில பல்லி மாதிரி ஒருத்தன் இருக்கானாம். ஆனா பல்லி இல்ல, தவளைக்குச் சொந்தக்காரன். கண்ணுக்குள்ள இருக்கிற பாக்குற திரை முழுசாப் போனாலும், அதுக்குப் பின்னாடி இருக்கிற கருப்புத் தோல்ல இருந்து புதுசா ஒரு திரைய நெய்துக்குவானாம். கேட்டுட்டு எல்லாரும் "ஓகோ"ன்னாங்க. அவ்வளவுதான்.

அப்ப மூணு பேருக்கு வருது. நமக்கு மட்டும் வராமலா போகும்? துள்ளாயி முடிவு பண்ணிட்டா. பெருவாயன்கிட்ட போய் பேரு குடுத்துட்டு வந்தா.

ஒரு மாசம் கண்ணு தெரியாம இருக்கணும், அதுக்கு நடுவுல குட்டிங்க பொறந்துடும், எப்படிப் பால் குடுக்கிறது, எப்படி இரை தேடுறது? இதுல அனுபவசாலி யாருன்னு பாத்தா, சிலுப்பி.

சிலுப்பி ஒரு காட்டுச் சேவல். போன வருஷம், முட்டையை விட்டு வெளிய வந்து நாலே நாள் ஆன குஞ்சா இருக்கிறப்பவே, தெரியாத்தனமா போட்டிக்குள்ள நுழைஞ்சுட்டான். எனக்கும் கண்ணு போச்சு, எனக்கும் வந்துடுச்சுன்னு அன்னைல இருந்து காடு முழுக்கப் பெருமை அடிச்சுட்டு இருந்தான். துள்ளாயி போய்க் கேட்டதும் கழுத்து இறகைச் சிலுப்பிக்கிட்டு, வலியே இல்ல, ஒரு தூக்கம் தூங்கி எந்திரிக்கிற மாதிரிதான்னு அளக்க ஆரம்பிச்சான்.

அந்த நேரம் பாத்து அவன் காலடியில ஒரு கரையான் ஊர்ந்து போச்சு. சிலுப்பி கொத்தினான். கரையானுக்குப் பக்கத்துல மண்ணுல விழுந்துச்சு கொத்து. மறுபடி கொத்தினான். மறுபடியும் மண்ணு. மூணாவது கொத்துல ஒரு கல்லு. கரையான் சாவகாசமா நடந்து போயிட்டு இருந்துச்சு.

"சிலுப்பி, அந்தக் கரையான் உனக்குத் தெரியுதா?"

சேவல் சுத்திமுத்தி யாராவது இருக்காங்களான்னு பாத்துட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "ஓரத்துல பாத்தா தெரியுது. நேரா பாத்தா, நடுவுல ஒரு ஓட்டை."

அப்புறம் எல்லாத்தையும் கொட்டினான். ஆரம்பத்துல கண்ணு வர்ற மாதிரிதான் இருந்துச்சாம். இருட்டு போயி வெளிச்சம் தெரிஞ்சுச்சு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு காத்துட்டு இருந்தானாம். பாதில நின்னு போச்சு. குஞ்சா இருந்ததால அந்த அளவுக்காவது வந்துச்சு, வளந்த கோழிக்கு அதுவும் வராதுன்னு அவனோட அம்மா சொன்னாளாம். பெருமை அடிச்சதெல்லாம் வெட்கத்துல. கூட்டாளிங்க சிரிப்பாங்களேன்னு.

துள்ளாயிக்கு மீசையெல்லாம் நட்டுக்கிச்சு. அப்பதான் அவளுக்கு ஒண்ணு உறைச்சுது. விசாரிச்சது மீன், தவளை, கோழி. உடம்புல முடி இருக்கிற ஒருத்தரைக்கூட அவ கேக்கல.

"முடி வச்ச ஆளு யாராவது முறைச்சிருக்காங்களா?"

சிலுப்பி அலகால ஈச்சம்புதர் பக்கம் காட்டினான். "முயல் பொத்தையன் இருக்காருல்ல. அவரைக் கேளு."

ஈச்சம்புதருக்குப் பின்னாடி பொத்தையன் புல்லு மேஞ்சுட்டு இருந்தாரு. துள்ளாயி சத்தம் போடாம கிட்டப் போயி, தன்னோட வாலை அவரு மூஞ்சிக்கு நேரா இப்படியும் அப்படியும் ஆட்டினா. அவரு பாட்டுக்கு மென்னுட்டு இருந்தாரு. வாலு மூக்குல பட்டதும்தான் துள்ளிக் குதிச்சாரு.

துள்ளாயி மன்னிப்புக் கேட்டுட்டு, கேக்க வந்ததைக் கேட்டா. பொத்தையன் காதை மட்டும் அவ பக்கம் திருப்பினாரு.

"ஒரு மாசத்துல வந்துடும்னாங்க. மூணு கோடை ஆச்சு. உனக்கு யாராவது ஏதாவது சொன்னாங்களா, எப்ப வரும்னு?"

துள்ளாயி அவருக்குப் புடிச்ச அருகம்புல்லு கொஞ்சம் பறிச்சு முன்னாடி வச்சுட்டுத் திரும்பிட்டா.

ஏன் இப்படி? அது ரொம்ப அட்டகாசமான விஷயம். கண்ணுக்குள்ள பின்பக்கம் ஒரு மெல்லிசு திரை இருக்கு, விழித்திரைன்னு பேரு. அதுல ரெண்டு விதமான ஆளுங்க குடியிருக்காங்கன்னு வச்சுக்கோங்க. ஒரு கூட்டம், வெளிச்சத்தைப் பாக்குற ஆளுங்க. இன்னொரு கூட்டம், அவங்களைத் தாங்கிப் புடிச்சு, பசிக்கு ஊட்டி, குப்பை கூட்டுற ஆளுங்க. சூரியனை முறைச்சா பாக்குற ஆளுங்க செத்துப் போயிடுவாங்க. மீனோட கண்ணுல அப்ப என்ன நடக்கும் தெரியுமா? தாங்கிப் புடிச்ச ஆளுங்க திடீர்னு சின்னப் புள்ளைங்களா மாறிடுவாங்க! ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, அந்தப் புள்ளைங்க எல்லாம் வளந்து பாக்குற ஆளுங்களா ஆகி, காலியான இடத்துல போய் உக்காந்துக்குவாங்க.

முயலுக்கும் அணிலுக்கும் அதே தாங்கிப் புடிக்கிற ஆளுங்க இருக்காங்க. ஆனா அவங்க மறுபடி புள்ளையா மாற மாட்டாங்க. ஓட்டை விழுந்த சுவத்துல மண்ணைக் குழைச்சு அப்புற மாதிரி அப்பிட்டு, "வேலை முடிஞ்சுது"ன்னு உக்காந்துடுவாங்க. சுவரு நிக்கும், சன்னல் இருக்காது.

துள்ளாயி அன்னைக்கு ராத்திரி தூங்கல. முறைச்சா கண்ணு போயிடும், கண்ணு போன அணில் கிளைக்குக் கிளை தாவ முடியாது. முறைக்கலைன்னா பொந்து கிடைக்காது, சாரைக்கு வழி தெரியும்.

மறுநாள்தான் போட்டி. வெயில்னா அப்படி ஒரு வெயில். சேறெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. மினுக்கி நடுவுல மிதந்தா. ரெண்டு பக்கமும் ரெண்டு கெண்டை, கொஞ்சம் தள்ளி விரால். தரைல இருந்து வந்த ஒரே ஆளு துள்ளாயிதான், ஒரு கல்லு மேல உக்காந்திருந்தா. வேடிக்கை பாக்க ஆமை, நண்டு, நத்தைன்னு ஒரே கூட்டம். சிலுப்பி தலையைச் சாய்ச்சு ஒரு பக்கமா பாத்துட்டு இருந்தான்.

பெருவாயன் அண்ணன் விதிகளைச் சொன்னாரு. மினுக்கியோட கொள்ளுத் தாத்தா காலத்துல மீனுங்க கூடி வச்ச விதிங்க அதெல்லாம். முகத்தைச் சூரியன்ல இருந்து திருப்பக் கூடாது. இருக்கிற இடத்தை விட்டு நகரக் கூடாது. அடுத்தவங்க மேல தண்ணி அடிக்கக் கூடாது.

துள்ளாயி மீனுங்களை ஒவ்வொண்ணா பாத்தா. மினுக்கியோட கண்ணைப் பாத்தா. கெண்டைங்களோட கண்ணைப் பாத்தா. விராலோட கண்ணை ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் பெருவாயன் பக்கம் திரும்பி, வேற எந்த விதியும் இல்லையான்னு கேட்டா. அவ்வளவுதான்னாரு அவரு.

"அப்ப சரிண்ணே"ன்னு சொல்லிட்டு, முகத்தைச் சூரியன் பக்கம் தூக்கி நல்லா சௌகரியமா உக்காந்தா. பெருவாயன் சத்தம் குடுத்தாரு.

துள்ளாயி கண்ணை இறுக்க மூடிக்கிட்டா. போதாதுக்கு புசுபுசு வாலைத் தூக்கி மூஞ்சி மேல போர்வை மாதிரி போட்டுக்கிட்டா.

கூட்டத்துல ஒரு சலசலப்பு. நண்டு கொடுக்கைத் தூக்கிட்டு நேரா பெருவாயன்கிட்ட ஓடிச்சு. பெருவாயன் வாயைத் தொறந்தாரு, ஏதோ யோசிச்சாரு, மூடிட்டாரு. முகம் சூரியன் பக்கம்தான் இருக்கு. இடம் நகரல. தண்ணி அடிக்கல. போட்டில இருந்த மீனுங்க யாருக்கும் எதுவும் தெரியாது, அவங்க எல்லாரும் மேல பாத்துட்டு இருந்தாங்க.

கொஞ்ச நேரத்துல ஒரு கெண்டை திரும்பிடுச்சு. பின்னாடியே இன்னொண்ணு. விரால் கொஞ்சம் தாக்குப் புடிச்சுது, அப்புறம் அதுவும் முணுமுணுத்துக்கிட்டே முங்கிடுச்சு. மினுக்கி அசையல. துள்ளாயியும் அசையல. வால் நிழல் குளுகுளுன்னு இருந்ததுல அவ நல்லா தூங்கிப் போயிருந்தா. மெல்லிசா குறட்டை வேற.

இன்னும் கொஞ்ச நேரம் ஆச்சு. மினுக்கி சந்தோஷமா ஒரு சுத்து சுத்தினா.

"பொழுது சாஞ்சிடுச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். நான்தானே ஜெயிச்சேன்?"

சூரியன் அப்படியே உச்சியில நின்னுட்டு இருந்துச்சு.

பெருவாயன் தொண்டையைச் செருமினாரு. "மினுக்கி, பொழுது சாயல. உனக்குத்தான் கண்ணு போச்சு. நீ திரும்பிட்டம்மா."

மினுக்கிக்கு வந்துச்சே கோபம்! அப்ப அந்த அணிலு இன்னும் முறைச்சுட்டா இருக்கான்னு கேட்டா. இல்ல, கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கான்னாரு பெருவாயன்.

"மூடிட்டா? கண்ணை எப்படி மூடுறது? மேல இலை ஏதாவது வச்சிருக்காளா?"

குளத்துல இருந்த அத்தனை மீனும் பெருவாயன் பக்கம் திரும்புச்சு. ஏன்னா அவங்களுக்கும் அதே சந்தேகம். பொறந்ததுல இருந்து இமைன்னு ஒண்ணு எந்த மீனுக்கும் இருந்ததில்ல. தூங்குறப்பகூட கண்ணு தொறந்தேதான் இருக்கும். அதனாலதான் கொள்ளுத் தாத்தா மீனுக்குக் கண்ணை மூடக் கூடாதுன்னு ஒரு விதி வைக்கவே தோணல! பெருவாயன் தன்னோட கண்ணை மூடி மூடித் தொறந்து, இப்படித்தான் இப்படித்தான்னு செஞ்சு காமிச்சாரு. பாக்கத்தான் மினுக்கிக்குக் கண்ணு இல்ல.

சத்தத்துல துள்ளாயி முழிச்சுக்கிட்டா. ஏமாத்திட்டே, இது முறைக்கிற போட்டின்னு மினுக்கி கத்தினதுக்கு, துள்ளாயி கல்லை விட்டு இறங்கி தண்ணி ஓரமா வந்து உக்காந்தா.

"அக்கா, உனக்குப் போனா வரும். எனக்குப் போனா போனதுதான். பொத்தையனுக்கு இன்னும் வரல."

மினுக்கிக்கு யாரும் அதைச் சொன்னதில்ல. ஜெயிச்ச முதல் வருஷம் தனக்குப் பக்கத்துல ஒரு முயல் நின்னது ஞாபகம் இருந்துச்சு. அவருக்கும் ஒரு மாசத்துல வந்திருக்கும்னு நெனச்சுட்டு அவ பாட்டுக்கு நீந்திட்டு இருந்திருக்கா. எல்லாக் கண்ணும் தன்னோட கண்ணு மாதிரின்னே நம்பியிருக்கா. அப்புறம் மெதுவா கேட்டா.

"அதை மூடுனா, உள்ள இருட்டா இருக்குமா?"

"ஆமாக்கா. எப்ப வேணுமோ அப்ப."

"எனக்கும் அது இருந்தா நல்லா இருக்கும்டி"ன்னா மினுக்கி. பொந்தை எடுத்துக்கச் சொல்லிட்டு முங்கினா. முங்கின வேகத்துல ஆமையோட முதுகுல டொங்குன்னு போய் இடிச்சுக்கிட்டா.

ரெண்டு வாரத்துல மருதமரத்துப் பொந்துல நாலு குட்டி பொறந்துச்சு. சாரை மோப்பம் புடிச்சு வந்து, பாதி மரம் ஏறி, சறுக்கி, முள்ளுச் செடி மேல விழுந்து, மறுபடி அந்தப் பக்கமே வரல. குளத்துல மினுக்கிக்கு முதல்ல வெளிச்சம் தெரிஞ்சுச்சு, அப்புறம் அசையிறதெல்லாம் தெரிஞ்சுச்சு, அப்புறம் ஒரு காலைல எல்லாமே பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. அண்ணாந்து பாத்தா. பொந்து வாசல்ல நாலு குட்டித் தலை அவளை எட்டிப் பாத்துட்டு இருந்துச்சு. கண்ணு தொறந்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்துச்சு அதுங்களுக்கு. முதல் தடவையா அந்தப் பொந்துல பாக்குறதுக்குன்னு ஏதோ ஒண்ணு இருக்கேன்னு மினுக்கி மத்தியானம் வரைக்கும் அங்கேயே மிதந்தா.

அந்த வருஷத்தோட முறைக்கிற போட்டியை நிறுத்திட்டாங்க. சிலுப்பி அடிச்ச பெருமையை நிறுத்திட்டு, பொத்தையனைப் புல்லு இருக்கிற பக்கமா தினமும் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சான். ஒருத்தருக்கு நடுவுல ஓட்டை, இன்னொருத்தருக்கு ஒண்ணுமே தெரியாது, ஆனா ரெண்டு பேரும் சேந்தா எப்படியோ நல்ல புல்லு கிடைச்சுடும்.

போட்டி இல்லாம மினுக்கிக்குத்தான் கையும் ஓடல, காலும் ஓடல. அதாவது, துடுப்பும் ஓடல, வாலும் ஓடல. ஒரு நாள் துள்ளாயியைக் கூப்பிட்டு, புதுசா ஒரு போட்டி யோசிச்சிருக்கேன், ரொம்ப நியாயமான போட்டி, யாருக்கும் கண்ணு போகாதுன்னா. தண்ணிக்குள்ள யாரு ரொம்ப நேரம் இருக்காங்கன்னு பாக்கணுமாம், அவ்வளவுதானாம்.

"அதுல நீயே ஜெயிச்சுக்கோக்கா"ன்னு சொல்லிட்டு, துள்ளாயி அடுத்த கிளைக்கு ஒரு தாவு தாவினா.

அதனால, அடுத்தவங்களுக்குப் போனது திரும்பி வருதேன்னு பாத்து நாமளும் பின்னாடியே இறங்கிடக் கூடாது. நம்ம உடம்புக்கு எது வரும், எது வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, நம்மகிட்ட இருக்கிறதை வச்சுத்தான் ஜெயிக்கணும்.